நீல விளக்கின் ஆயுள்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர், கையுறைகள் பொருத்தி நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளை நுழைத்து, தபால் தலை அளவுள்ள ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, அதன் ஓரங்களில் இரண்டு ஊசிகளை வைத்து மின்சாரம் செலுத்தினார். தகட்டின் நடுவே மிளகளவான ஓர் இடம் சங்குப்பூவின் நிறத்தில் சுடர்விட்டது. "அழகாக இருக்கிறதே!" என்றேன். "ஒரு பத்து நிமிஷம் இருந்து பாருங்கள், சார்" என்றார் அவர். இருந்து பார்த்தேன். சங்குப்பூ நிறம் மெல்ல மெல்ல மயில் கழுத்தாயிற்று. மயில் கழுத்து கிளிப்பச்சையாயிற்று. பிறகு அந்தப் பச்சையும் மங்கி அணைந்தது. விளக்கு அணைந்ததைப் பற்றி அந்த இளைஞர் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அணைவது எல்லா விளக்குக்கும் உண்டு, சார். நிறம் மாறுகிறதே, அதுதான் கஷ்டம்" என்றார்.

அணைவது வேறு, நிறம் மாறுவது வேறு என்று அவர் பிரித்துச் சொன்ன அந்த வித்தியாசத்தைத்தான் இன்று உங்கள் முன் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தகட்டில் எரிந்த பதார்த்தத்தின் பெயர் பெரோவ்ஸ்கைட் நானோ படிகம். சிவப்பிலும் பச்சையிலும் வியக்கத்தக்க வேகத்தில் முன்னேறிய இந்தப் பதார்த்தம் நீலத்தில் மட்டும் ஏன் தள்ளாடுகிறது, அதை ஸ்திரப்படுத்த விஞ்ஞானிகள் என்னென்ன வழிகளைக் கையாளுகிறார்கள் என்பதே என் உரையின் பொருள்.

விளக்குகளின் சரித்திரத்தில் நீலம் எப்போதுமே கடைசியில் வந்து சேர்ந்த விருந்தாளி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை உமிழும் எல்.இ.டி. விளக்கை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்து காட்டினார். கண்ணைப் பறிக்கும் பிரகாசமுள்ள நீல எல்.இ.டி. 1993இல்தான், ஜப்பானில் ஷூஜி நாகமுராவின் கையில் உருவாயிற்று. இடைப்பட்ட முப்பத்தோராண்டுக் காலத்தில் பலர் கைவிட்ட காலியம் நைட்ரைடு என்னும் பதார்த்தத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு உழைத்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகிய இருவருக்கும், நாகமுராவுக்கும் சேர்த்து, 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு நிறத்துக்காக உலகம் அத்தனை காலம் காத்திருந்ததற்குக் காரணம், ஒளியின் சுபாவத்திலேயே இருக்கிறது. பச்சை ஒளித்துகளைவிட நீல ஒளித்துகளுக்குச் சக்தி அதிகம். அதனை உமிழவேண்டிய படிகமும் அதற்கேற்ற அதிக சக்தியைத் தன்னுள் தாங்கி, தான் சிதையாமல் வெளியே விடவேண்டும். நம் கைபேசித் திரைகள் பலவற்றில் நீலப் புள்ளியைப் பச்சைப் புள்ளியைவிடப் பெரிதாகவே அமைத்திருக்கிறார்கள். சுமையைப் பரப்பி வைத்தால் நீலம் சற்று அதிக நாள் உழைக்கும் என்பதே அதன் தாத்பரியம்.

காலியம் நைட்ரைடு இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்கலாம். வீட்டு விளக்குக்கு அது போதும். அந்த ராஜ்யத்தில் அதற்குப் போட்டியே இல்லை. ஆனால் அதனை நீலமணிக் கல்லின் மேல் ஆயிரம் டிகிரி வெப்பத்தில் அடுக்கடுக்காக வளர்க்க வேண்டும். பெரோவ்ஸ்கைட் நானோ படிகத்தையோ, மையைப் போலக் கரைசலாக்கி, கண்ணாடியின் மீதோ வளையும் தாளின் மீதோ பூசிவிடலாம். அது உமிழும் நிறமோ மிகத் தூய்மையானது. வானவில்லில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் கத்தரித்து எடுத்தாற்போன்றது. தொலைக்காட்சித் திரைக்கு வேண்டிய மூன்று நிறங்களையும் ஒரே குடும்பத்துப் பதார்த்தத்திலிருந்து பெறலாம் என்ற ஆசைதான் இத்தனை ஆராய்ச்சிக்கும் ஊற்று.

இதன் குலமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் யூரல் மலையிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தை 1839இல் ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ் என்ற ஜெர்மானியர், லெவ் பெரோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்தக் கனிமம் கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. அதே கட்டுமானத்தில் அமைந்த எல்லாப் பதார்த்தங்களையும் பிற்காலத்தார் பெரோவ்ஸ்கைட் என்றே அழைத்தார்கள். சீசியம், ஈயம் இவற்றோடு குளோரின், புரோமின், அயோடின் என்னும் ஹாலஜன்களில் ஒன்று சேர்ந்த உப்புகளை அமெரிக்காவில் வெல்ஸ் என்ற ரசாயனி 1893இலேயே செய்திருந்தார். அவற்றின் உள்ளமைப்பு பெரோவ்ஸ்கைட்டே என்று 1958இல் டென்மார்க்கில் மோலர் கண்டார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அதிகம் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்த இனம், 2009இல் ஜப்பானில் மியாசகாவின் சூரிய மின்கலத்தில் வேறொரு வடிவில் மறுபிறவி எடுத்தது. 2014இல் கேம்பிரிட்ஜில் அதைக்கொண்டு சாதாரண அறை வெப்பத்தில் எரியும் எல்.இ.டி. செய்தார்கள். மறு ஆண்டே ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் மாக்சிம் கோவலென்கோவின் குழுவினர், வெல்ஸ் செய்த அதே சீசியம் ஈய உப்புகளை 4 முதல் 15 நானோமீட்டர் வரை பக்கமுள்ள சிறு சிறு கனசதுரங்களாகச் செய்து காட்டினார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர்.

அந்தச் செய்முறையைப் பார்ப்பதே ஒரு காட்சி. ஒரு குடுவையில், ஈயமும் ஹாலஜனும் சேர்ந்த ஹாலைடு உப்பை, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில், ஒலியிக் அமிலமும் ஒலைலமீனும் சேர்த்துக் கரைத்துச் சூடாக்குகிறார்கள். ஒலியிக் அமிலம் ஏதோ அபூர்வ வஸ்து அன்று. நம் வீட்டுக் கடலை எண்ணெயில் நிறைய இருப்பதுதான். கரைசல் நூற்றெழுபது, நூற்றெண்பது டிகிரியை எட்டியதும், சீசியம் கலந்த திரவத்தை ஊசிக்குழலால் ஒரே மூச்சில் உள்ளே செலுத்துகிறார்கள். ஐந்தே விநாடி. உடனே குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் அமிழ்த்திவிடுகிறார்கள். அதற்குள் கோடானுகோடிப் படிகங்கள் பிறந்து வளர்ந்துவிட்டிருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் அந்தக் குடுவை தானே ஒரு விளக்காகிவிடும்.

இனி நிறத்தின் ரகசியத்துக்கு வருவோம். படிகத்தில் இருக்கும் ஹாலஜன் அயோடினானால் சிவப்பு, புரோமினானால் பச்சை, குளோரினானால் ஊதா. நமக்கு வேண்டிய நீலம், அதாவது 460 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளம், பச்சைக்கும் ஊதாவுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே புரோமினையும் குளோரினையும் கலந்தால் நீலம் கிடைத்துவிடும். இதற்காகப் புதிதாகச் சமைக்கக்கூட வேண்டியதில்லை. பச்சையாக ஒளிரும் புரோமைடுக் கரைசலில் குளோரைடு உப்பின் கரைசல் சில துளிகளை விட்டால், அறை வெப்பத்திலேயே, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை நீலமாகிவிடுகிறது. படிகத்தின் கட்டுக்கோப்பு குலையாமல், உள்ளிருந்த புரோமின் அயனிகள் வெளியே வர, குளோரின் அயனிகள் அவற்றின் இடத்தில் போய் அமர்ந்துகொள்கின்றன.

இதைக் கேட்டதும் மகிழ்ச்சி தோன்றும். சற்று நிதானித்தால் கவலை தோன்றவேண்டும். ஏனெனில், வாசல் இவ்வளவு தாராளமாகத் திறந்திருக்குமானால், விருந்தினர் வந்த வழியே வீட்டுக்காரரும் வெளியே போகலாம் அல்லவா? விநாடிகளில் படிகம் உண்டாவதும், சில துளிகளில் நிறம் மாறுவதும், மின்சாரம் பாய்ந்தவுடன் படிகம் நிலைகுலைவதும் வெவ்வேறு குணங்கள் அல்ல. ஒரே குணத்தின் மூன்று முகங்கள். காலியம் நைட்ரைடு வைரத்துக்கு உறவு. ஆக்குவதற்குப் பாடுபட வேண்டும், ஆக்கிய பின் அசையாது. பெரோவ்ஸ்கைட்டோ உப்புக்கு உறவு. எளிதில் சேரும், எளிதில் பிரியும். நான் இன்று சொல்லப்போகும் மற்றதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

அந்த இளைஞரின் தகட்டில் நடந்தது இதுதான். படிகத்தில் அங்கங்கே ஹாலஜன் இருக்கவேண்டிய இடங்கள் காலியாக இருக்கின்றன. நெருக்கமான பஸ்ஸில் ஓர் இடம் காலியானால் பக்கத்தில் நிற்பவர் அங்கே நகர, அவர் நின்ற இடத்துக்கு மற்றொருவர் நகர்வதுபோல, இந்தக் காலியிடங்கள் வழியாக அயனிகள் இடம்பெயர்கின்றன. சாதாரண வேளையில் இந்த நடமாட்டத்துக்குத் திசை கிடையாது. விளக்குக்கு மின்சாரம் கொடுத்ததும், மின்புலம் அதற்கு ஒரு திசையைக் கொடுத்துவிடுகிறது. போகப் போக, புரோமின் மிகுந்த பகுதிகளும் குளோரின் மிகுந்த பகுதிகளும் தனித்தனியே பிரிகின்றன. மேட்டிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல, மின்னூட்டங்கள் சக்தி குறைந்த புரோமின் பகுதிகளைத் தேடிப் போய் அங்கேயே ஒளியாகின்றன. புரோமினின் ஒளி பச்சை. ஆகையால் படிகத்தில் பெரும்பகுதி இன்னும் கலவையாகவே இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவது பச்சைதான். புரோமினும் அயோடினும் கலந்த வேறொரு பெரோவ்ஸ்கைட்டின் மேல் ஒளி பட்டாலே இத்தகைய பிரிவினை நேர்கிறது என்பதையும், இருட்டில் வைத்தால் அவை மீண்டும் கலந்துவிடுகின்றன என்பதையும், 2015இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக்கும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

குளோரினுக்கு இன்னொரு தோஷமும் உண்டு. புரோமின் விட்டுச்சென்ற காலியிடம் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. குளோரின் விட்டுச்சென்ற காலியிடமோ மின்னூட்டங்களைப் பிடித்துக்கொள்ளும் ஆழமான பொறியாகிறது. அதில் விழுந்த எலெக்ட்ரானின் சக்தி ஒளியாகாமல் வெப்பமாகிறது. வெப்பம் அயனிகளை இன்னும் வேகமாக நடக்க வைக்கிறது.

அப்படியானால் குளோரினே வேண்டாம், புரோமைடையே எடுத்துக்கொண்டு, படிகத்தை மேலும் சிறிதாக்கி நீலத்தைப் பெறலாமே என்று ஒரு கட்சி உண்டு. படிகம் ஏறக்குறைய 7 நானோமீட்டருக்குக் கீழே குறுகினால், உள்ளே அடைபட்ட மின்னூட்டங்களின் சக்தி உயர்ந்து, பச்சை நீலத்தை நோக்கி நகரும் என்பது உண்மை. பிரிந்து போவதற்கு இரண்டாவது ஹாலஜன் இல்லாததால் பிரிவினைக்கும் இடமில்லை. ஆனால் இதற்குக் கொடுக்கவேண்டிய விலையை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தப் படிகத்தின் ஓர் அலகு ஏறக்குறைய 0.59 நானோமீட்டர். 8 நானோமீட்டர் கனசதுரத்தில் பக்கத்துக்கு 14 அலகுகள், மொத்தம் 2744. அவற்றில் புறத்தே வெயிலும் மழையும் படும் இடத்தில் இருப்பவை 1016, நூற்றுக்கு 37. பக்கத்தை 4 நானோமீட்டராகக் குறைத்தால் பக்கத்துக்கு 7 அலகுகள், மொத்தம் 343, புறத்தே இருப்பவை 218, நூற்றுக்கு 64. அதாவது, முதலாவதில் ஊரின் ஒரு பகுதிதான் எல்லையில் இருந்தது. இரண்டாவதில் ஊரே எல்லையாகிவிட்டது. குறைகள் பெரும்பாலும் பிறப்பது மேற்பரப்பில். மேலும், சிறு படிகங்கள் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். பெரிதானால் திரும்பவும் பச்சை.

எனவே எந்த வழியில் போனாலும் வந்து சேரும் இடம் படிகத்தின் மேற்பரப்புதான். கரைசலில் பிறந்த படிகத்தைச் சுற்றி ஒலியிக் அமிலமும் ஒலைலமீனும் நீண்ட ரோமங்களைப்போலப் படர்ந்து போர்த்தியிருக்கின்றன. இவற்றை ஈந்திகள் என்பார்கள். இந்தப் போர்வை இல்லையேல் படிகம் இல்லை. ஆயினும் அதன் பிடி மிகத் தளர்ச்சியானது. கணத்துக்குக் கணம் ஒட்டியும் விட்டும் ஊசலாடுகிறது. அதிகப்படியான எண்ணெயைப் போக்கக் கழுவினால் எண்ணெயோடு போர்வையும் போய்விடுகிறது. கழுவாமல் விட்டால், பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள அந்தச் சங்கிலிகள் மின்சாரத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே, குட்டையானதும் கெட்டியாகப் பிடிப்பதுமான வேறு போர்வைகளைத் தேடினார்கள். நேர், எதிர் ஆகிய இரு மின்னூட்டங்களையும் தன்னிடமே கொண்டு, இரண்டு கைகளாலும் படிகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் சூரிச் குழுவினர் 2018இல் கையாண்டார்கள். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சார்ஜென்டின் குழுவினர் 2020இல், தூய புரோமைடுச் சிறுபடிகத்தின்மேல் எதிர் அயனிகளால் ஓர் உள்ளுறையும் நேர் அயனிகளால் ஒரு வெளியுறையும் அமைத்து, 479 நானோமீட்டர் நீலத்தில் 12.3 சதவீத வெளித்திறனை எட்டினார்கள். உள்ளே செலுத்தும் நூறு எலெக்ட்ரான்களுக்கு வெளியே வரும் ஒளித்துகள்கள் எத்தனை என்பதே வெளித்திறன். 2015இல் சீனாவின் நான்ஜிங் நகரத்தில் ஹைபோ ஸெங்கின் குழுவினர் செய்த முதல் நானோ படிக நீல விளக்கில் அது 0.07 சதவீதமாக இருந்தது.

கலப்பு ஹாலைடையே நம்புகிறவர்கள் வேறு மருந்துகளைக் கையாளுகிறார்கள். ஹாலைடு உப்பைக் கூடுதலாகக் கொடுத்துக் காலியிடங்களை நிரப்புவது ஒன்று. ஈயம் இருக்கும் இடங்கள் சிலவற்றில் மாங்கனீஸ், நிக்கல் போன்ற சிறிய அயனிகளை வைத்துக் கட்டுமானத்தை இறுக்குவது மற்றொன்று; மாங்கனீஸ் அளவு மீறினால் தானே செம்மஞ்சள் ஒளி விட ஆரம்பித்து நீலத்தைக் கெடுத்துவிடும், ஆதலால் அதைக் கறிக்கு உப்பிடுவதுபோல இடவேண்டும்.

படிகத்தை மட்டும் திருத்தினால் போதாது. அதன் அண்டை வீட்டாரையும் பார்க்கவேண்டும். விளக்கின் ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான்களும், மறுபக்கத்திலிருந்து எலெக்ட்ரான் இல்லாமையாகிய துளைகளும் வந்து படிகத்தில் கூடும்போதுதான் ஒளி பிறக்கிறது. நீலப் படிகத்துக்குள் துளைகள் நுழையக் கடக்கவேண்டிய படி பச்சையைவிட ஆழமானது. எலெக்ட்ரான்கள் மிகுந்து, துளைகள் குறைந்தால், துணையற்ற மின்னூட்டங்கள் எல்லைகளில் குவிந்து வெப்பமாகி அயனிகளை விரட்டுகின்றன. துளைகளைக் கொண்டுவருவதற்காக வைத்த நிக்கல் ஆக்சைடு அடுக்கே படிகத்தின் ஒளியை அவிக்கிறது என்று கண்டு அதை மாற்றியவர்களும் உண்டு. காற்றின் ஈரத்துக்கும் இந்தப் படிகம் ஆற்றாது. எனவே கண்ணாடி மூடி வேண்டும். ஈயம் வெளியே கசியாமலிருப்பதற்கும் அந்த மூடி அவசியம். ஆனால் மூடி புறப்பகையைத்தான் தடுக்கும். அயனிகளின் நடமாட்டமாகிய உட்பகையை அது ஒன்றும் செய்யாது.

இனி, பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம். விளக்கின் ஆயுளை எப்படி அளக்கிறார்கள்? தொடக்கத்தில் இருந்த பிரகாசம் பாதியாகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதுவே அரை ஆயுள். அந்தப் பிரகாசத்தை அளப்பதோ மனிதக் கண்ணின் உணர்ச்சியை அளவுகோலாகக் கொண்டு. கண்ணுக்கு மிக உவப்பான 555 நானோமீட்டரின் உணர்ச்சியை ஒன்று என்று வைத்தால், 470இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 490இல் ஐந்தில் ஒரு பங்கு. 515இல் பாதிக்கு மேல். ஆகவே, நீல விளக்கு கெட்டுப் பச்சையாகிக்கொண்டிருக்கும்போது, அது உமிழும் ஒளித்துகள்கள் பாதியாகக் குறைந்தாலும், கருவியில் பிரகாசம் குறையாமலிருப்பதாகத் தோன்றலாம், கூடியதாகக்கூடத் தோன்றலாம். நோயாளியின் முகம் காய்ச்சலால் சிவந்திருப்பதைக் கண்டு தேறிவிட்டார் என்று சொல்வதைப் போன்றது இது. அணைவது பற்றியன்றி நிறம் மாறுவது பற்றி அந்த இளைஞர் வருத்தப்பட்டாரே, அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது இதை உணர்ந்த பிறகுதான். நீல விளக்கு நீலமாயிராவிட்டால், அது எத்தனை மணி நேரம் எரிந்தாலும் நீல விளக்கின் ஆயுளாகாது.

இன்றைய நிலைமை என்ன? பச்சை பெரோவ்ஸ்கைட்டில் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2022இல் 28.9 சதவீத வெளித்திறனோடு, ஒரு சதுரமீட்டருக்கு 1000 கேண்டலா பிரகாசத்தில் 520 மணி நேர அரை ஆயுளைக் காட்டினார்கள். நீலமோ, திறனில் இரட்டை இலக்கத்தைத் தொட்ட பிறகும், ஆயுளில் பெரும்பாலும் நிமிஷக் கணக்கையும் சில மணிக் கணக்கையும் தாண்டத் திணறிக்கொண்டிருக்கிறது. காலியம் நைட்ரைடு பல்லாயிரம் மணி நேரம் எரிகிறது. இந்த இடைவெளியைத் திறனின் எண்ணிக்கையை உயர்த்துவதால் மட்டும் கடக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். சுபாவத்திலேயே நெகிழ்ச்சியான ஒரு பதார்த்தத்தைக் கல்லாக்க முயல்வதும் வீண். கல்லாகிவிட்டால் அதை மையாகப் பூச முடியாது. நெகிழ்ச்சியை உள்ளே வைத்துக்கொண்டு, அயனிகள் நடக்கும் வழிகளை மட்டும் அடைப்பதே செய்யத்தக்க காரியம். அந்த வழிகளோ மேற்பரப்பின் காலியிடங்களிலிருந்தே தொடங்குகின்றன.

முடிவாக உங்களுக்கு ஒரு வார்த்தை. "நீல விளக்கில் புதிய சாதனை" என்று பத்திரிகைகளில் இனியும் பல செய்திகள் வரும். அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: விளக்கை ஏற்றியபோது அதன் அலைநீளம் என்ன? அணைத்தபோது என்ன? இரண்டுக்கும் இடையே, எவ்வளவு பிரகாசத்தில், எத்தனை மணி நேரம் எரிந்தது? மூன்றுக்கும் விடை எழுதியிருந்தால் நம்பிப் படியுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தால், அந்த விளக்கின் எதிரில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள்.